விடிஞ்சாத்தான் வருவோம்

கொரக்காவெல டவுனில் கடைக்காரர்கள் கதவைத் திறக்கும்போது வாசல் கூட்டியிருக்கும். யார் கூட்டியது, எத்தனை மணிக்குக் கூட்டியது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இரவு வீசிய வாழையிலையும் பொலித்தீன் பையும் காலையில் இருக்காது, அவ்வளவுதான். மாத்தளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற வாத்திமார்களுக்கும், மேல் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வருகிற சனத்துக்கும் டவுன் என்றால் கூட்டிய டவுன்தான்.

கூட்டியவர்கள் பிரதேச சபையில் வேலை செய்யும் பதினொரு பெண்கள். நாலரை மணிக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் நிற்கும் சுப்பவைசர் ரபாயேலிடம் பெயர் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போவார்கள். டவுன் முழுசாக விழிக்கிற நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி அடுப்பில் தேத்தண்ணி வைத்திருப்பார்கள். அந்தப் பதினொருவரில் சுந்தரம்மாவுக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். பதினாலு வருஷமும் அமய தொழிலாளி. வந்த நாளுக்குப் பெயரும் சம்பளமும் உண்டு, வராத நாளுக்கு இல்லை. மார்ச் மாதம் நிரந்தர லிஸ்ட் போடப்போகிறார்கள் என்று இந்த முறை உறுதியாகப் பேச்சு அடிபட்டது. கடைசி ஆறு மாதமும் நாள் குறையாமல் வந்தவர்களுக்குத்தான் அதில் இடம்.

அவர்கள் இருந்தது சபை லயத்தில். ஓயா ஆற்றின் கரையில் இரண்டு வரிசை, முப்பத்தொரு காம்பிரா, குடும்பத்துக்கு ஒரு அறை. அதற்கு இப்பால் சோனக வீடுகள் பத்துப் பன்னிரண்டு, வேதக்காரர் வீடுகள் சில. எல்லாருக்கும் பெரிய ரோட்டுக்கு ஏற ஒரே பாதை. ஒரு பக்கம் ஓயா, மறுபக்கம் மிளகு ஸ்டோரின் நீளச் சுவர், நடுவில் ஆறு லைட் போஸ்ட். ஆறிலும் லைட் இல்லாமல் போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது.

ஐப்பசியில்தான் களவு தொடங்கியது. இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். மேலே பெரிய ரோட்டிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, லைட்டையும் அணைத்து, சரிவில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். டயரில் சரளைக்கல் நெரிகிற சத்தம் கேட்கும்போது பக்கத்தில் வந்திருப்பார்கள். பாதை முனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீனின் மகள் நிப்லா கிளாஸ் முடிந்து பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் வரும்போது போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். முதல் பஸ்ஸுக்குப் போன தோட்டத்து அம்மா ஒருத்தியிடம் பையைப் பறித்தார்கள். பதினொருவரில் ஒருத்தியான டொறீன் பஸ் ஸ்டாண்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து இரண்டு காதுத் தோட்டையும் இழுத்தார்கள். வலது காது கிழிந்து மூன்று தையல்.

அதற்குப் பிறகு ஒரு பெட்டிசம் எழுதினார்கள். ஸெய்னுலாப்தீனின் மனைவி கைறுன்னிஸா பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தவள், அவள்தான் எழுதினாள். அறுபத்திரண்டு கையெழுத்து. சபையில் வாங்கிக்கொண்டு, களவு பொலிஸ் வேலை என்றார்கள். பொலிஸில், லைட் சபை வேலை என்றார்கள். மார்கழியில் இரண்டாவது பெட்டிசம் போனது. அந்தப் பாதையில் லைட் போட்டால் உங்கள் பொடியன்களே கல்லெறிந்து உடைப்பான்கள் என்று சபையில் ஒரு கிளாக்கர் சொன்னார்.

தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள் சுந்தரம்மாவின் முறை வந்தது. விடியுமுன் வேலைக்குப் போகும் வழியில், சரளைக்கல் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் பை இழுபட்டது. பையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ரொட்டி, கட்டசம்பல், பழைய போன், ஐடென்டிட்டி கார்ட். விட்டிருக்கலாம். ஆனால் கை விடவில்லை. பத்தடி இழுபட்டுப் போய், மூன்றாவது போஸ்ட் அடியில் விழுந்தாள். வலது மணிக்கட்டு ஒடிந்தது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டு, ஆறு கிழமை அசைக்கக்கூடாது என்று அனுப்பினார்கள். பின்னேரம் புருஷன் இருளாண்டி அவளைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேசையில் இருந்த ஐயா மரியாதையாகத்தான் பேசினார். கதிரை போட்டு உட்காரச் சொன்னார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"பைக் என்ன கலர் அம்மா?"

"இருட்டுல தெரியல மாத்தயா."

"நம்பர்?"

"இருட்டு மாத்தயா."

"வந்தவன் எப்படி? நெட்டையா, கட்டையா? மொகம்?"

"அவன் கை மட்டும் தெரியும். சின்னக் கை. ஈரமா இருந்திச்சு."

ஐயா பேனையை வைத்துவிட்டார். "இத வச்சிக்கிட்டு நான் யார புடிக்கிறது? என்ட்ரி போடுறேன். மொதல்ல அந்தப் பாதைக்கு லைட் கேளுங்க."

"கேட்டாச்சு மாத்தயா. ரெண்டு தரம்."

"இன்னொரு தரம் கேளுங்க."

வீட்டுக்கு வரும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. தை மாதத்துத் தூறல், நனைக்கவும் நனைக்காது, விடவும் விடாது. ஸ்டோர் சுவருக்கு மேலால் காயாத மிளகின் மணம் வந்தது. இருளாண்டி அந்த ஸ்டோரில்தான் மூட்டை தூக்குகிறான். காலை ஆறு மணிக்கு லொறி வந்துவிடும். பிந்தினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

மகள் சசிரேகா பருப்பு ஆக்கி, பாண் வாங்கி வைத்திருந்தாள். ஏ.எல். சோதனை எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. அம்மாவுக்குப் பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு நான் போறேம்மா," என்றாள் பிறகு. "வீட்டாள் ஒருத்தர் பதிலுக்குப் போனா பேர் வெட்டமாட்டாங்க. ரபாயேல் சார்கிட்ட கேட்டேன். சரின்னு சொன்னாரு."

"யார கேட்டுக்கிட்டுக் கேட்ட?" என்றான் இருளாண்டி.

"யாரையும் கேக்கல. அம்மாவோட பதினாலு வருஷம் போயிரும். மார்ச்சுக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு."

"போகட்டும். லிஸ்டும் வேணாம், ஒன்னும் வேணாம். அந்தப் பாதையில ஒன்ன நான் விடமாட்டேன்."

"நீங்க ரோட்டு வரைக்கும் வாங்க."

"ரோட்டு வரைக்கும் வருவேன். பொறகு? மார்க்கெட்டுலேருந்து பாலம் வரைக்கும் நீ தனியாத்தானே கூட்டணும். டொறீன் அக்காவ பஸ் ஸ்டாண்டுல வச்சுத்தானே அடிச்சானுங்க." அவன் குரல் உயரவில்லை. உயர்த்திப் பேசுகிற மனுஷனும் இல்லை. "தங்கச்சி வீட்டுக்குப் போயிருவம். இரத்தோட்டையில லயத்துல ஒரு காம்பிரா சும்மாத்தான் கெடக்குன்னு சொன்னா. நான் தோட்டத்துல கைக்காசுக்கு வேல பாக்குறேன்."

"தோட்டத்துலேருந்துதானே இங்க வந்தம்," என்றாள் சுந்தரம்மா.

மழை தகரத்தில் கொஞ்சம் பலமாக விழுந்தது. சசிரேகா கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

மறுநாள் அந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை; ஆஸ்பத்திரித் துண்டு அந்த இரண்டு நாளுக்கு மட்டும் செல்லுபடியாகும். அதற்கு மறுநாள் ஞாயிறு, டவுன் லீவு. திங்கட்கிழமை சுந்தரம்மா வழக்கம்போல நாலு மணிக்கு எழும்பினாள். உடுத்தினாள், கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒருத்தி பெயரை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டு, போன் வெளிச்சத்தில் பாதையில் போகிற சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. ஆறு மணிக்கு ஓயாவுக்கு அந்தப் பக்கத்துக் கித்துள் மரங்கள் பச்சையாகத் தெரியத் தொடங்கின. அப்போது எழுந்து, இடது கையில் ஈக்கில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

"வா புள்ள, குப்ப வண்டியத் தள்ளு," என்று மகளைக் கூப்பிட்டாள்.

மார்க்கெட் பின்வாசலில் ரபாயேல் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. வேதக் கோயில் சங்கத்தில் பொருளாளர். யாரிடமும் மல்லுக்கு நிற்காதவர் என்று பெயரெடுத்தவர். அவளைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னா சுந்தரம்மா இது? ஆறேகால்."

"ஆமாங்க சார்."

"நாலரைக்குத்தானே வேல."

"வேல செய்யமாட்டேன்னு சொல்லலீங்க சார். ஒத்தக் கையால செஞ்சாலும் மார்க்கெட்டுலேருந்து பாலம் வரைக்கும் கூட்டிக் குடுத்துட்டுத்தான் போவேன். ஆனா விடிஞ்சாத்தான் வருவேன்."

"அப்படியெல்லாம் நம்ம இஷ்டத்துக்கு வர ஏலுமா? சபை செக்ரட்டரி மாத்தயா என்னத்தான் புடிப்பாரு. நான் என்னா சொல்றது?"

"இருட்டுன்னு சொல்லுங்க."

"இருட்டுன்னு சொன்னா? நல்லா இருக்கு நீங்க சொல்ற கத. பதினாலு வருஷமா இருட்டுலதானே வந்தீங்க."

"வந்தேங்க. இப்ப கை ஒடஞ்சு போச்சு."

ரபாயேல் இன்னும் கொஞ்சம் ஏசினார். லிஸ்ட்டைப் பற்றிச் சொன்னார். தனக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருப்பதைச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கூட்டப் போனாள்.

பதினாலு வருஷத்தில் அந்த ரோட்டை அவள் சூரிய வெளிச்சத்தில் கூட்டியது அன்றைக்குத்தான். இடது கைக்கு வாகு வரவில்லை. குப்பை ஒரு பக்கம் போனால் விளக்குமாறு ஒரு பக்கம் போனது. ஸ்கூல் வேன்கள் ஹோர்ன் அடித்தன. பேக்கரிக்கு முன்னால் பாண் வாங்க நின்றவர்கள் தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஒரு வாத்தியாரம்மா நின்று, மாக்கட்டைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டாள். சுந்தரம்மா சொன்னாள். அந்தம்மா மூன்று வருஷமாக அந்த ரோட்டில் நடக்கிறவள். "நீங்கதானா இங்க கூட்டுறது?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை டொறீனும் ஆறேகாலுக்கு வந்தாள். புதன்கிழமை ஐந்து பேர். வியாழன் பதினொரு பேரும் விடிந்த பிறகே பாதையில் ஏறினார்கள். யாரும் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. ஸெய்னுலாப்தீனின் கடையில் நின்று ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

"என்னத்தயும் யோசிக்காம போங்க தங்கச்சி," என்றார் ஸெய்னுலாப்தீன். "எங்கட புள்ள கிளாஸுக்குப் போறத நிப்பாட்டி மூணு மாசமாகுது. அவட படிப்புக்கும் சேத்துத்தான் நீங்க செய்றது."

"நாங்க ஒன்னும் செய்யல ஸெய்னுலாப்தீன் நானா. விடிஞ்சு வாறம், அவ்வளவுதான்," என்றாள் சுந்தரம்மா.

"அதத்தான் நானும் செல்றேன்."

டவுனுக்குக் குப்பையைப் பார்த்துப் பழக்கமில்லை. மீன் கடைக்கு முன்னால் முந்தின நாள் செதிலும் குடலும் காகங்களோடு கிடந்தன. கடை திறக்க வந்தவர்கள் வாழைப்பழத் தோலை மிதித்தார்கள். எட்டு மணிக்கு ரோட்டில் சனம் நெருக்கும்போது பெண்கள் கூட்டிக்கொண்டிருந்தார்கள், தூசி எழும்பிக் கண்ணாடி அல்மாரிகளில் படிந்தது. இரண்டு பெட்டிசம் போன அதே சபைக்கு வெள்ளிக்கிழமை காலையில் பத்துக் கடைக்காரர்கள் போனார்கள். அன்றைக்குப் பின்னேரமே பதினொரு பெண்களையும் வரச்சொல்லி ஆள் வந்தது.

செக்ரட்டரியின் அறையில் அவர்கள் சுவரோரமாக நின்றார்கள். கடைக்காரர்கள் சார்பில் பேக்கரி ஷெல்டன் முதலாளி கதிரையில் இருந்தார். ரபாயேல் செக்ரோல் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசல் பக்கமாக நின்றார். முகம் வெளுத்திருந்தது.

செக்ரட்டரி கெட்ட மனுஷன் அல்ல. வேலைக்கு வந்து ஒரு வருஷம். எல்லாவற்றுக்கும் கடிதம் கேட்பவர்.

"நாலரைக்கு வேலைன்னு சட்டம் இருக்கு. நீங்க நினைச்ச நேரத்துக்கு வந்தா நான் என்ன செய்ய?" என்றார். "அஞ்சு நாளா பிந்தி வந்திருக்கீங்க. பிந்தின நாளெல்லாம் நான் வெட்டணும். வெட்டினா மார்ச் லிஸ்ட்ல பேர் வராது. இதத் தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

டொறீன் சுந்தரம்மாவைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். சுந்தரம்மா, இவர்கள் எல்லாருடைய லிஸ்ட்டும் தன்னால் போகப்போகிறது என்று நினைத்தாள்.

"தெரிஞ்சுதான் மாத்தயா," என்றாள். "ஆனா மத்தவங்க பேர வெட்டாதீங்க. மொதல்ல பிந்தினது நான்."

"அதெல்லாம் புத்தகத்துல இருக்கிறபடிதான். ரபாயேல், கொண்டு வாங்க."

ரபாயேல் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். செக்ரட்டரி திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். நேரம் எழுதும் இடத்தில் ஆறேகால் என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், குறிப்பு எழுதுகிற, யாரும் ஒருநாளும் ஒன்றும் எழுதாத கட்டத்தில், நெருக்கமான சிங்கள எழுத்தில் நாலு வரி இருந்தது. அவர் அதை வாசித்தார். செவ்வாய்க்கிழமையைப் புரட்டினார். புதன், வியாழன், வெள்ளி. பிறகு திரும்பவும் திங்களுக்கு வந்தார்.

"என்ன எழுதியிருக்கு?" என்று ஷெல்டன் முதலாளி எட்டிப் பார்த்தார். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, தானே சத்தமாக வாசித்தார். "ஓயாக்கரைப் பாதையில் வீதி விளக்கு ஒன்றும் எரியவில்லை. நாலு களவு நடந்திருக்கிறது. தொழிலாளி ஒருவருக்கு எலும்பு முறிந்திருக்கிறது. ஆகையால் விடிந்த பிறகு வேலைக்கு வரும்படி நான் சொல்லியிருக்கிறேன். சுப்பவைசர்." அவர் நிமிர்ந்தார். "கீழ உங்க சைன் இருக்கே செக்ரட்டரி மாத்தயா."

அஞ்சு பக்கத்திலும் இருந்தது. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குப் புத்தகம் மேசைக்கு வரும், அவர் கையெழுத்து வைப்பார், போகும்.

செக்ரட்டரி புத்தகத்தை மூடினார்.

"இத ஏன் என்கிட்ட சொல்லல்ல ரபாயேல்?"

"சொன்னேன் சார். எந்நாளும் கொண்டாந்து காட்டினேன்," என்றார் ரபாயேல். "நான் சொல்லித்தான் வந்தாங்க. பிழையின்னா அது என்னோட பிழை."

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்டுவதென்றால் இனி முதலில் தன் கையெழுத்துக்கு விளக்கம் எழுத வேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஷெல்டன் முதலாளி கதிரையில் முன்னால் நகர்ந்தார்.

"ஆறு பல்ப் தானே மாத்தயா. போட்டுக் குடுங்க. என் பணிஸ்ல ஒரு கிழமையா மண்ணு."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள்.

"போடுவம்," என்றார் செக்ரட்டரி கடைசியில். "போட்ட அடுத்த நாள் நாலரைக்கு வரணும்."

"வருவம் மாத்தயா," என்றாள் சுந்தரம்மா. "ஆறும் எரிஞ்சா."

வெளியே வந்தபோது தூறல் விட்டிருந்தது. பெண்கள் ஒருத்தி பேச்சில் ஒருத்தி குறுக்கிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ரபாயேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். சுந்தரம்மா நின்று அவரைச் சேர்ந்துகொண்டாள்.

"அன்னைக்கு என்னய அப்படி ஏசினீங்களே சார்."

"ஏசினேன்."

"அப்ப எப்ப எழுதினீங்க?"

"நீங்க கூட்டப் போன பொறகு." சைக்கிளை ஒரு குழியைச் சுற்றித் தள்ளினார். "முந்தின நாள் கோயில்ல டொறீன் எனக்கு முன் பெஞ்சுல இருந்திச்சு. ஒரு காதுல தோட்டுக்குப் பதிலா ஈக்கில் துண்டு சொருகியிருந்திச்சு. மத்தக் காதுல தையல் தழும்பு. பூச முழுக்க அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்த நாலரைக்குப் பேரக் கூப்பிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினது நான்தானே."

"பயமா இல்லீங்களா?"

"ஏன் இல்லாம. அந்த எழுத்தப் பாத்திருந்தா தெரியும். கோழி கிண்டின மாதிரி இருக்கும்." சைக்கிளில் ஏறப் போனவர் நின்றார். "கைய தொங்கப்போடாதீங்க. வீங்கும்."

அவள் தலையாட்டிவிட்டு, கழுத்துத் துணியில் கையை ஏற்றி வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை லொறியும் ஏணியும் வந்தன. நாலு போஸ்ட்டில் பல்ப் போட்டார்கள். இரண்டில் வயர் உக்கிப்போயிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று போய்விட்டார்கள். செவ்வாய் காலை நாலரைக்கு ரபாயேல் தனியாகத்தான் மார்க்கெட் பின்வாசலில் நின்றார். பதினொரு பேரும் ஆறேகாலுக்கு வந்தார்கள். அவர் பேனையை எடுத்தார். குறிப்புக் கட்டத்தில், நாலு எரிகிறது, இரண்டு எரியவில்லை என்று எழுதினார். செக்ரட்டரி இப்போதெல்லாம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். ஒன்பது நாள் கழித்து வயர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் ஆறும் ஒன்றாக எரிந்தபோது லயத்துச் சனமெல்லாம் பாதைக்கு வந்துவிட்டது. வேலையொன்றுமில்லாமல் மேலும் கீழுமாக நடந்தார்கள். கைறுன்னிஸா நிப்லாவைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுநாள் கிளாஸுக்குப் போகும் வழியைப் புதிதாகக் காட்டுவதுபோலக் காட்டினாள். இருளாண்டி மிளகுத் தூசி படிந்த உடம்போடு ஸ்டோர் சுவரில் சாய்ந்து நின்றான்.

"தங்கச்சிக்கு என்னான்னு சொல்றது?" என்று சுந்தரம்மாவிடம் கேட்டான். "காம்பிராவ கூட்டி வச்சிருக்காளாம்."

"திருவிழாவுக்கு வாறம்னு சொல்லுங்க."

களவெடுத்தவர்கள் அகப்படவில்லை. பொலிஸ் ஒரு கிழமை பைக்கில் சுற்றி வந்தது, பிறகு வரவில்லை. டொறீனின் தோடு போனது போனதுதான். நிரந்தர லிஸ்ட் மார்ச்சில் வராமல் சித்திரை கழித்து வந்தது. அதில் ஏழு பேர், சுந்தரம்மா நாலாவது. டொறீனின் பெயர் இல்லை, அதற்காக இன்னொரு பெட்டிசம் எழுத வேண்டியிருந்தது. அது பிறகு நடந்த கதை.

ஆறு லைட்டும் எரிந்த பிறகு வந்த முதல் காலையில், நாலரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பதினொரு பெண்களும் சசிரேகாவும் பாதையில் ஏறினார்கள். பனி மூட்டம் லைட்டுகளைச் சுற்றி மஞ்சளாக நின்றது. சுந்தரம்மாவின் மாக்கட்டு இன்னும் கழற்றவில்லை. மூன்றாவது போஸ்ட் அடியைக் கடந்தார்கள். அப்போது மேலே பெரிய ரோட்டிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பி இறங்கியது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். டொறீனின் கை காதுக்குப் போனது. சுந்தரம்மா மகளைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

வந்தவன் பேப்பர் போடுகிற பஸ்லி. பன்னிரண்டு பெண்கள் விளக்குமாறும் கையுமாகத் தன்னையே முறைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பிரேக் போட்டான். ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி, லைட்டுக்கு நேராக முகத்தைக் காட்டினான்.

"நான்தான் சாச்சி," என்றான்.

சுந்தரம்மா அவனை நன்றாகப் பார்த்தாள். மூக்கில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு இருந்தது. இவ்வளவு நாளும் இருட்டில் அவளுக்கு அது தெரிந்ததில்லை.

"சரி தம்பி, போங்க," என்று வழிவிட்டாள்.